பிறந்த எடையை அழியாத இடத்தில் எழுதி வையுங்கள்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் என் மகளின் தடுப்பூசி அட்டை இருக்கிறது. 1998இல் அவள் பிறந்த மருத்துவமனையில் கொடுத்தது. நாலாக மடித்த இடம் நைந்து, பிறந்த எடை எழுதிய கட்டத்தில் மை பரவிவிட்டது. முதல் எண் 2. புள்ளிக்கு அப்புறம் இருப்பது 1ஆ, 7ஆ என்று வெயிலில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை.

போன வருடம் அவள் மாசமாக இருந்தபோது, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கூடுதல் என்று வந்தது. குடும்பத்தில் யாருக்கு சுகர் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கு என்றேன். "இவங்க பொறந்தப்ப எத்தனை கிலோம்மா?" என்று அடுத்துக் கேட்டார். பெற்றவள் நான், பதில் சொல்ல முடியவில்லை. அவள் பிறந்த இடத்திலேயே போய் விசாரித்தோம். அந்த வருடத்துப் பிரசவப் பதிவேடுகளைக் கழித்துவிட்டார்களாம்.

2.1க்கும் 2.7க்கும் நடுவே 600 கிராம்தான். ஆனால் 2.5க்குக் கீழே போனால் அது எடை குறைந்த குழந்தை. அந்தக் கேள்வியை டாக்டரம்மா ஏன் கேட்டார் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். 1911 முதல் அங்கே செவிலியர்கள் வீடு வீடாகப் போய், குழந்தை பிறந்தபோது எவ்வளவு எடை, ஒரு வயதில் எவ்வளவு எடை என்று பேரேட்டில் எழுதி வந்தார்கள். அந்தப் பேரேடுகளை வைத்து டேவிட் பார்க்கர், நிக் ஹேல்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர்களின் குழுவினர், 64 வயதை ஒட்டிய 370 ஆண்களைத் தேடிப்பிடித்து சர்க்கரை சோதித்தார்கள். 1991இல் முடிவு வந்தது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு சர்க்கரை நோயோ அதன் முந்தைய கட்டமோ இருந்தது. நாலேகால் கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 14 பேருக்குத்தான். வயிற்றில் இருக்கும்போது ஊட்டம் போதாவிட்டால் சிசு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதில் சிக்கனம் பிடிக்கிறது. இன்சுலின் சுரக்கும் கணையமும் தசையும் அந்தச் சிக்கனத்தில் குறைந்துபோகின்றன என்று அவர்கள் விளக்கினார்கள்.

இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் வேலூரிலேயே 1969 முதல் 1973 வரை, டவுனிலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை எடை போட்டு எழுதி வைத்தார்கள். அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதுக்குள் சி.எம்.சி. மருத்துவமனைக் குழுவினர் மறுபடி பார்த்தார்கள். அந்த இளம் வயதிலேயே, சாப்பிட்டபின் சர்க்கரை இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காத நிலை, டவுனில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கும் கிராமத்தில் 14 பேருக்கும் இருந்தது. கழனி வேலை செய்கிறவர்களுக்கு சுகர் வராது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

நான் பிறந்தது 1971இல், குடியாத்தம் பக்கம். கே.வி.குப்பம் அங்கிருந்து பஸ்ஸில் எட்டிவிடும் தூரம். என்னை யாரும் எடை போடவில்லை. அம்மாவிடம் கேட்டால், "எடையா? முறத்துல பழைய சேலையை மடிச்சிப் போட்டு அதுல வச்சோம், பூனக்குட்டியாட்டம் இருந்தே" என்பாள். ஏழாம் மாதம் வரை தினமும் பீடி சுற்றினவள் அவள். எனக்கு 38 வயதில் சுகர் வந்ததற்கு அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. அவள் தட்டில் என்ன இருந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எடை குறைந்து பிறந்த எல்லோருக்கும் இந்த நோய் வருவதும் இல்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். அம்மாவுக்கு சர்க்கரை ஏறி, அதனால் பெருத்துப் பிறக்கும் குழந்தைக்கும் பின்னால் ஆபத்து உண்டு.

இதில் நான் பயப்படுவது ஒன்றுக்கு. குழந்தை சின்னதாகப் பிறந்தால் பாட்டிமார் நாங்கள் செய்வது என்ன? நெய், பிஸ்கட், சத்துமாவு என்று திணித்து 'தேற்றி' விடுவோம். டெல்லியில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது. இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, அதன்பின் பன்னிரண்டு வயதுவரை மளமளவென்று உடம்பு போட்டவர்களுக்குத்தான் இளமையிலேயே சர்க்கரை அதிகம் வந்தது. பார்த்தால் குண்டு என்றே சொல்ல முடியாத பிள்ளைகள் அவர்கள். ஆக, ஆறு வயதுப் பிள்ளை பள்ளியில் எடை மேடையில் நிற்கும்போது, பிறந்த எடையும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும்.

இப்போது அது எங்கே இருக்கிறது? பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் எடைக்கு இடம் இருக்கிறது. நம் கைக்கு வரும் சான்றிதழில் இல்லை. தாய் சேய் அட்டையில் இருக்கிறது, ஆனால் ஐந்து வயது ஊசி போட்டதும் அந்த அட்டையை யார் பத்திரப்படுத்துகிறார்கள்?

சான்றிதழை மாற்றுவது மாவட்டத்தின் கையில் இல்லை என்பது தெரியும். அதை மாநில அரசுக்குப் பரிந்துரையுங்கள். உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். அங்கன்வாடியில் சேர்க்கும்போதும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதும், தாய் சேய் அட்டையைப் பார்த்து அந்த ஒரு எண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு அதைப் பார்க்கட்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்கள் பி.பி., சுகர் பார்க்கிறார்கள், நல்ல காரியம். சின்ன வயதுக்காரர்களிடம் "பிறந்த எடை தெரியுமா?" என்று அவர்கள் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கட்டும். இரண்டரைக்குக் கீழ் என்றால் வயது ஏறும் வரை காத்திருக்காமல் முன்பே சோதிக்கட்டும். பழைய பிரசவப் பதிவேடுகளைக் கழிப்பதற்கு முன், அதிலுள்ள எடையையாவது கணினியில் ஏற்றச் சொல்லி எல்லா மருத்துவமனைகளுக்கும் ஓர் உத்தரவு போடுங்கள்.

என் பேத்தி 2 கிலோ 850 கிராம் பிறந்தாள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி, மேலே செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மகளின் பழைய அட்டை பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்