தேய்ந்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வைகை மணலில் கிடைத்த பாண்டியர் செப்புக்காசுகளை வாங்குவோர் பலர், புளி போட்டுப் பளபளக்கத் தேய்க்கிறார்கள். தேய்ந்த காசில் உருவத்தின் மிச்சம் பெரும்பாலும் காலப்போக்கில் செம்பின்மேல் படிந்த பச்சைப் படலத்தில்தான் இருக்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் கையில் இருப்பது வெறும் செப்புத் தகடு! காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்தூரிகையால் மண்ணை நீக்கினால் போதும்.

அச்சு வேறுபாடு, அதாவது எந்தெந்தக் காசு வெவ்வேறு அச்சுகளால் அடிக்கப்பட்டது என்று காண, விளக்கை மேசையோடு ஒட்டினாற்போல் சாய்த்து வைத்து, காசைச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுங்கள். ஒரு திசையில் மறைந்த கோடு மறுதிசையில் எழும்பும். சங்ககாலப் பாண்டியன் பெருவழுதியின் பெயரும் குதிரை உருவமும் பொறித்த காசில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தின் வடிவத்தை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்துக்கும் குதிரைக்கும் உள்ள இடைவெளி, சாய்வு இவற்றைப் பாருங்கள். தேய்மானம் கோட்டை அழிக்கும், இடத்தை மாற்றாது. அமெரிக்காவின் 1794 சென்ட் காசுகளையும் இப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள்: ஆண்டு எண்ணுக்கும் மார்பளவு உருவத்துக்கும் உள்ள தூரம், பின்புறத்து இலைமாலையில் உள்ள இலை, காய்களின் அமைப்பு. இருமுறை அடிபட்டதால் இரட்டித்த கோட்டைப் புது அச்சென்று எண்ணிவிடக் கூடாது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

காசுச் செய்தி வெளியிடும்போது இருபுறப் படம், அளவுகோல், எடை, கிடைத்த இடம் நான்கையும் தவறாமல் சேருங்கள்.

நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்,
செல்லூர், மதுரை