சுரண்டிய தார் குப்பையல்ல

ஆசிரியருக்கு,

பழைய தார்த்தளத்தைச் சுரண்டிவிட்டே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு வலியுறுத்தியது நல்லது. சாலைமட்டம் வீட்டு வாசலைத் தாண்டி ஏறுவது அதனால் குறையும். ஆனால் சுரண்டிய துகளைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவது வீண். அதன் எடையில் 4 முதல் 5 சதவீதம் தார் இருக்கிறது; புதுத்தளக் கலவையில் அதை மீண்டும் சேர்க்கலாம்.

வெயிலும் காற்றும் பட்டுத் தாரின் எண்ணெய்ப் பகுதி குறைய, அது விறைத்துவிடுகிறது. சோயா எண்ணெயோ, பைன் மரக்கூழ் ஆலைகளில் கிடைக்கும் டால் ஆயிலோ அந்த இளக்கத்தை மீட்கும். அளவில்தான் சூட்சுமம். ஒரு டன் கலவையில் 300 கிலோ பழைய துகள் சேர்த்தால் அதிலுள்ள தார் ஏறக்குறைய 13 கிலோ. அதில் 5 சதவீதம் என்றால் எண்ணெய் வெறும் 650 கிராம். எண்ணெய் கூடினால் கோடையில் பேருந்து நிறுத்தங்களில் சக்கரத்தடம் பள்ளமாகப் பதியும். பழைய தாரைப் பிரித்தெடுத்து ஊசி இறங்கும் ஆழத்தைச் சோதிக்காமல் அளவு குறிப்பது குருட்டுக் கணக்கு. ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை அப்படியே ஊற்றவும் கூடாது. அதில் கூடியிருக்கும் அமிலம், மழைநீர் இறங்கியதும் ஜல்லியிலிருந்து தாரை உரித்துவிடும்.

துகள் குவியலுக்குக் கூரை அவசியம். நனைந்தால் கலவை சூடாக்கும் உலையின் சூடெல்லாம் நீரை விரட்டவே போகும். சுவாலை நேரே பட்டால் தார் கருகும்.

2024 டிசம்பரில் நாக்பூர் அருகே மன்சாரில் திறக்கப்பட்ட லிக்னின் சாலை வேறு கதை. மரத்திலும் பயிர்த்தண்டிலும் இருக்கும் இயற்கைப் பிணைப்பொருளான லிக்னின் புதுத் தாரின் ஒரு பங்குக்கு மாற்று; பழைய தாரை இளக்காது. ஒப்பந்தப் புள்ளியில் லிக்னினையும் இளக்கும் எண்ணெயையும் ஒரே வரியில் எழுதிவிட வேண்டாம்.

சாலைப் பொறியாளர்,
திருச்சி