கூட்டாக ஆடும் ஆட்டத்தில் எதற்கு அதட்டல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அல்சூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை அண்ணன் பிள்ளைகளோடு 'ஓவர்குக்ட்' ஆடுவோம், 2016இல் வந்த வீடியோ கேம், நாலு பேர் வரை ஒரே சமையலறையில் ஓடி ஓடி வெங்காயம் நறுக்கி, தட்டு கழுவி, நேரம் முடிவதற்குள் ஆர்டரை அனுப்ப வேண்டும். பெரியவன் ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கும் புள்ளிக்கேற்பக் கிடைக்கும் மூன்று நட்சத்திரமும் வாங்கியே தீருவேன் என்று யூடியூப் பார்த்துப் பழகுகிறான். சரி, அதில் தப்பில்லை, கை வேகம் நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால் பத்து வயதுத் தங்கை சூப்பைத் தீய விட்டால் கத்துகிறான், அவள் இப்போது கண்ட்ரோலரைத் தொடுவதே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு நட்சத்திரத்துக்காக ஆடுகிறோமா, சும்மா ஆடுகிறோமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளும்படி பெற்றோர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு