தரைப்பாலத்துல தண்ணி போனா வண்டியத் திருப்பிடு

சிவமயம்

அருமை மகன் சிரஞ்சீவி சாத்தப்பனுக்கு அப்பச்சி எழுதுவது. இங்க நானும் ஆத்தாளும் சௌக்கியம். அங்க நீ, மீனாள், பேரன் எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்.

பிள்ளையார் நோன்பன்னைக்கு மத்தியானம் ஆபீஸை முடிச்சுட்டு சென்னையில இருந்து கார்லயே கிளம்பி, ராத்திரி நூல்திரி ஏத்தின மாவை வாயில போட்டு இழை எடுக்கிறதுக்குள்ள ஊர் வந்து சேர்ந்துடுறேன்னு சொன்னே. மழைக்காலமாச்சேன்னு இழுத்தேன். "இது ஒசரமான வண்டி அப்பச்சி, ஒண்ணும் ஆகாது"ன்னு பேச்சை முடிச்சுட்டே. போன்ல நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள நீ நாலு "சரி" போட்டுடுவே. அதான் உட்கார்ந்து எழுதுறேன்.

மார்கழியில மழை விட்டிருக்கும்னு நினைக்காதே. 2023-ல மார்கழி பிறந்தும் பிறக்காமலும் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, ஜனங்க தவிச்சதை நீயும் டிவியில பார்த்திருப்பே.

நம்ம செட்டிநாட்டுச் சீமையில இன்னொரு சங்கதி இருக்கு. வானத்தைப் பார்த்து தண்ணியைக் கணக்குப் போட முடியாது. கண்மாய்க்குக் கண்மாய் தொடுப்பு. மேல்கண்மாய் நிறைஞ்சு, மிச்சத் தண்ணி வழியுற கலுங்கு பாய்ஞ்சா அந்தத் தண்ணி கீழ்க்கண்மாய்க்கு வரும், அது நிறைஞ்சா அதுக்கும் கீழே. மேல பெய்ஞ்ச மழை, நம்மூர்ல வெயில் அடிச்சு ரோடு காய்ஞ்ச பிறகு சாமத்துல தரைப்பாலத்துல ஏறும். ஒரு கரை உடைஞ்சாலோ, கீழ இருக்கிற கரைகளுக்கும் ஆபத்து. போதாததுக்கு கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்காலை எல்லாம் மேடாக்கி பிளாட் போட்டாச்சு. தண்ணிக்கு வேற வழி ஏது, ரோட்டையே வழியா எடுத்துக்குது. காவிரிப்பூம்பட்டினத்துல கடல் கொண்டதுக்குப் பயந்துதான் நம்மவுக, நகரத்தாருக, இங்க வந்து வீட்டுத் தரையை இவ்வளவு ஒசத்திக் கட்டினாகன்னு உங்க ஐயா சொல்லுவாக. அவுக பேரப்பிள்ளைகதான் இப்ப வரத்துக்கால்ல பிளாட் வாங்குறோம்.

சரி, உன் ஒசரமான வண்டிக்கு வர்றேன். அடித்தட்டு தரையில இருந்து 20 செ.மீ. இருக்குமா? தண்ணி அதைத் தொட்ட நிமிஷத்துல இருந்து வண்டியை மேல தூக்கப் பார்க்கும். ஒரு கன மீட்டர் தண்ணியோட எடை ஆயிரம் கிலோ. அவ்வளவு தண்ணியை வண்டி ஒதுக்கினா அதோட பாரத்துல ஆயிரம் கிலோ குறைஞ்சு போகும். சின்னக் காரை மிதக்க வைக்க ஓரடித் தண்ணி போதும். உன்னோடதுக்கு ரெண்டடி. முழுசா மிதக்கணும்னுகூட இல்லை. பாரம் குறையக் குறைய டயருக்குப் பிடிமானம் போயிடும், அப்புறம் பக்கவாட்டுல ஓடுற தண்ணி தள்ளுற பக்கம் வண்டி போகும். இழுப்பு ரெண்டு மடங்கு வேகமானா தள்ளுற பலம் நாலு மடங்கு. நம்ம தரைப்பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, குத்துக்கல்லு மட்டும்தான். அதுலயும் பாதி சாய்ஞ்சு கிடக்கு.

நான் நெடுஞ்சாலையில வேலை பார்த்தவன், அதனால இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன். தண்ணி ரோட்டைத் தாண்டி மறுபக்கம் விழுற இடத்துல மண்ணைப் பறிக்கும். மேல தார் அப்படியே இருக்கும், அடியில மண்ணு போயிருக்கும். வெள்ளம் வடிஞ்சதும் எங்க முதல் வேலை கடப்பாரையால தாரைத் தட்டிக்கிட்டே நடக்கிறதுதான். கெட்டியா இருந்தா 'ணங்'குன்னு கையில அதிரும். அடி போயிருந்தா 'டொப்'புன்னு கேட்கும். அந்த இடத்துல மாட்டு வண்டி ஏறினாக்கூட உள்ள போயிடும். பகல்ல, தண்ணி வடிஞ்ச பிறகே எங்களுக்குத் தட்டித்தான் தெரியும். ராத்திரியில, செம்மண் கரைஞ்ச தண்ணிக்கு மேல, ஹெட்லைட்டை வச்சுக்கிட்டு உனக்கு என்ன தெரியப்போகுது?

கலுங்குல வலை போட்டு மீன் பிடிக்கிற பயலுக, "போகலாம்ணே, இப்பத்தான் பஸ் போச்சு"ம்பானுக. பஸ்ஸு பத்து டன்னுக்கு மேல. உன் வண்டி ஒன்றரை டன் இருக்குமா? அது போன தடத்துல நீ போகக்கூடாது. அது கிளப்புற அலையே உன் பானெட் மேல ஏறும். காத்து உறிஞ்சுற வழியா எஞ்சினுக்குள்ள தண்ணி போச்சுன்னா, பிஸ்டன் தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். நின்ன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணக்கூடாதுங்கிறது அதனாலதான். பாலிசியில எஞ்சினுக்குன்னு தனியாச் சேர்த்திருக்கியான்னும் பார்த்துக்க. பெரும்பாலும் அது சேராது.

ஓடுற தண்ணி மட்டுமில்லை, ரயில்வே சுரங்கப்பாதையில தேங்கி நிக்கிறதும் ஆளைக் கொல்லும். 2021-ல நம்ம பக்கத்துலயே, புதுக்கோட்டை மாவட்டத்துல, அப்படி ஒரு உயிர் போச்சு. எவ்வளவு ஆழம்னு மேல இருந்து பார்த்தாத் தெரியாது.

எப்படியோ மாட்டிக்கிட்டா, வண்டியைக் காப்பாத்தப் பார்க்காதே. முதல்ல பெல்ட்டைக் கழட்டு, கரண்டு இருக்கிறப்பவே கண்ணாடியை இறக்கு. வெளிய தண்ணி அழுத்துறப்போ கதவைத் தள்ளிக்கிட்டு நேரத்தைப் போக்காதே, ஜன்னல் வழியா பேரனை முதல்ல வெளிய விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வாங்க. கண்ணாடி இறங்கலைன்னா சீட்டுத் தலையணையை உருவி, அதோட கம்பியால பக்கத்துக் கண்ணாடியோட மூலையில குத்து. முன் கண்ணாடி உடையாது, அதுல பலத்தைச் செலவழிக்காதே. 1077-க்குப் போன் போட்டா கலெக்டர் ஆபீஸ் வெள்ளக் கட்டுப்பாட்டு அறை எடுப்பாக.

இதெல்லாம் தேவைப்படாம இருக்க ஒரே வழி, திருமயம் தாண்டினதும் மேப் காட்டுற குறுக்குப் பாதையில திரும்பாம, பெரிய ரோட்டுலயே காரைக்குடி வந்து சேர்றதுதான். அங்க வந்து எனக்குப் போன் பண்ணு. பாலத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன். பாலத்து மேல தண்ணி ஓடுச்சுன்னா காரைக்குடியில ரூம் போட்டுப் படு, காலையில வா.

இழை தவறிப் போயிடுமேன்னு நீ மிதிச்சுக்கிட்டு வருவேங்கிறதுதான் என் பயமே. சஷ்டியும் சதயமும் கூடுற நேரம் நமக்காகக் காத்திருக்காதுதான், ஆனா பர்மாவுலயும் மலேயாவுலயும் இருந்த நம்மவுக அங்கங்க இருந்த இடத்துலயே இழை எடுத்துக்கிட்டாக. சென்னையிலயும் நம்மவுக கூடி எடுக்கிறாகளே, அங்கேயே மூணு பேரும் எடுத்துக்கங்க. மறுநாள் வந்தாலும் ஆத்தா பொங்கின முகத்தோட நிக்கமாட்டா, நான் பேசிட்டேன்.

இல்லை, அன்னைக்கே வரணும்னா முந்தின நாள் பல்லவன் ரயில்ல டிக்கெட் போடு, ஒரு நாள் லீவு கேட்டா தர மாட்டாகளா? காரைக்குடி ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புறேன். எதுன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு, டிரைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

இப்படிக்கு,
அப்பச்சி