சப் கான்ட்ராக்டரின் பான் படிவம்: 1 சதவீதப் பிடித்தம் 20 சதவீதம் ஆவது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு), வெல்டிங், சாரம் கட்டுவது, பெயின்டிங் என்று சப் கான்ட்ராக்ட் எடுப்பவர்களிடம் மெயின் கான்ட்ராக்டர் ஆபீஸில் ஒரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுப்பார்கள். பெயர், முகவரி, பான் எண், ஜி.எஸ்.டி., பேங்க் கணக்கு, அடியில் கையெழுத்து. முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலும் முதல் பில் கொடுக்கும் நாளில்தான் அது கைக்கு வரும். பணம் வந்தால் போதும் என்ற அவசரத்தில், பக்கத்தில் நிற்கும் யாரோ எழுதிக் கொடுக்க, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். வருமான வரிப் பிடித்தம் எவ்வளவு என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது.

கான்ட்ராக்ட் வேலைக்குத் தனிநபர் என்றால் 1 சதவீதம், பங்குதாரர் நிறுவனம், கம்பெனி என்றால் 2 சதவீதம் பிடிப்பார்கள். கணக்காளர்கள் 194சி என்று சொல்லும் பிரிவு இது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டத்தில் பிரிவு எண்தான் வேறு, விகிதம் பழையதுதான். பான் கொடுக்காவிட்டாலோ, கொடுத்த பான் தவறாக இருந்தாலோ, ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்து போயிருந்தாலோ பிடித்தம் 20 சதவீதம். 4 லட்சம் ரூபாய் பில்லில் 4,000 போக வேண்டிய இடத்தில் 80,000 போகும். கூலி ஆட்களுக்கு சனிக்கிழமை பட்டுவாடா செய்ய வேண்டியவரிடம் அந்த 80,000 எங்கிருந்து வரும்? அந்த வேலையில் அவருக்கு நிற்கும் மொத்த லாபமே அவ்வளவு இருக்காது.

முதல் சிக்கல் பெயரில். நம் ஊரில் இனிஷியல் போட்டு எழுதுவதுதான் வழக்கம். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் ‘எம். செல்வம்’ என்று இருப்பவர், பான் கார்டில் ‘செல்வம் முருகேசன்’ ஆகிவிடுவார். படிவத்தில் எழுத வேண்டியது பான் கார்டில் அச்சாகியிருக்கும் பெயரை, அதே வரிசையில். கடைப் பெயரை அங்கே எழுதக்கூடாது. ஒருவரே முதலாளியாக நடத்தும் ‘முத்துமாரியம்மன் ஃபேப்ரிகேஷன்’ மாதிரியான பட்டறைகளுக்குத் தனி பான் கிடையாது, முதலாளியின் பான்தான் பட்டறைக்கும். பெயர் என்ற இடத்தில் முதலாளி பெயர், தொழில் பெயர் என்ற இடத்தில் பட்டறைப் பெயர். தொழில் பெயருக்கு இடமே விடவில்லை என்றால், முதலாளி பெயரை எழுதி, ‘உரிமையாளர், இன்ன பட்டறை’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்த வகை என்று டிக் அடிக்கும் கட்டம். பட்டறைக்குப் பெயர்ப் பலகை இருக்கிறதே என்று ‘ஃபர்ம்’ கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். உடனே பிடித்தம் 2 சதவீதம் ஆகிவிடும். சந்தேகம் வந்தால் பான் எண்ணையே பாருங்கள். அதன் நான்காவது எழுத்து வகையைச் சொல்லிவிடும்: தனிநபருக்குப் பர்சன் என்பதன் முதல் எழுத்து, பங்குதாரர் நிறுவனத்துக்கு எஃப், கம்பெனிக்கு சி. ஐந்தாவது எழுத்து, விண்ணப்பத்தில் சர்நேம் கட்டத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்து. செல்வத்துக்கு அது எஸ் இல்லாமல் எம் ஆக இருப்பது தவறில்லை. அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணை எழுதும்போதும் நிதானம் வேண்டும். மொத்தம் பத்து இடம். முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் எழுத்து, நடுவில் உள்ள நான்கு மட்டும் இலக்கம். ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் ஒன்றும், எஸ் எழுத்தும் ஐந்தும் கைப்பட எழுதும்போது குழம்பும் இடங்கள். எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்தால் டைப் செய்பவரும் தப்பாக அடிக்க மாட்டார். ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் மேலேயே எந்த கம்பெனிக்கு, எந்த வேலைக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுத்தால் போதும்.

ஆதார் இணைப்பை வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். வருமான வரித் துறை இணையதளத்தில் லாகின் இல்லாமலே, பான், ஆதார் இரண்டு எண்களையும் போட்டால் நிலவரம் தெரியும். கெடு முடிந்த பிறகு இணைக்கும் பழைய பான்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இங்கே பலர் மாட்டிக்கொள்வது, பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதால். கட்டணம் கணக்கில் ஏற சில நாள் ஆகும். அதற்குப் பிறகு அதே தளத்துக்குத் திரும்பப் போய் இணைப்புக் கோரிக்கையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பெயரோ பிறந்த தேதியோ பாலினமோ ஒத்துப்போகாவிட்டால் கோரிக்கை நிற்கும், இரண்டில் ஒன்றைத் திருத்தித்தான் ஆக வேண்டும். இணைத்த பின்னும் பான் உயிர்பெற 30 நாள் வரை ஆகலாம். செயலிழந்த பானுக்கு ரீஃபண்டும் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது.

பான் இல்லாதவர் மச்சான் பெயரில், தம்பி பெயரில் பில் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்த வரவு முழுவதும் பான் கொடுத்தவரின் வருமானமாகத்தான் துறையின் கணக்கில் ஏறும். கூலி ஆட்கள் இருபது பேரின் சம்பளமும் அவர் தலையில் விழும். தவறான பான் எண்ணைக் குறிப்பிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்றும் சட்டம் சொல்கிறது. கார்டு தொலைந்தது என்று புதிதாக இன்னொரு பான் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் அதே அபராதம் வரலாம். தொலைந்தால் மறுஅச்சு வாங்கினால் போதுமே.

மாதவரத்திலும் மணலி புதுநகரிலும் ட்ரெய்லர் ஓட்டும் உரிமையாளர்களுக்கு ஒன்று. வருடத்தின் எந்த நேரத்திலும் பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, பான் எண்ணோடு கொடுத்தால் வாடகையில் பிடித்தமே இல்லை. கம்பெனி ஒவ்வொன்றுக்கும், நிதியாண்டு தொடங்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. உறுதிமொழி மட்டும் கொடுத்து பானை விட்டுவிட்டால் பலன் இல்லை.

பில்லைத் துண்டு துண்டாக உடைத்தால் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு தொகை 30,000-ஐத் தாண்டாவிட்டாலும், ஒரே கான்ட்ராக்டரிடம் வருட மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினால் முந்தைய பில்களுக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி.யைப் பில்லில் தனி வரியாகக் காட்டினால் அந்தத் தொகைக்குப் பிடித்தம் கிடையாது. இது துறையே 2017-இல் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது.

பிடித்த பணம் உங்கள் பெயரில் வந்து சேர்ந்ததா என்பதை, கணக்காளர்கள் 26ஏஎஸ் என்று சொல்லும், உங்கள் பானில் ஏறிய வரியைக் காட்டும் அறிக்கையில் பாருங்கள். ஏப்ரல்–ஜூன் பிடித்தத்துக்கு ஜூலை 31-க்குள், ஜூலை–செப்டம்பருக்கு அக்டோபர் 31-க்குள், அக்டோபர்–டிசம்பருக்கு ஜனவரி 31-க்குள், கடைசிக் காலாண்டுக்கு மே 31-க்குள் மெயின் கான்ட்ராக்டர் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கெடுவிலிருந்து 15 நாளில் உங்களுக்குப் பிடித்தச் சான்றிதழ் தர வேண்டும். பான் தப்பாக இருந்தால் திருத்தக் கணக்கு போட வேண்டியதும் அவர்தான். ஷட்டவுன் முடிந்து அந்த கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம், ஆகவே காலாண்டுக்குக் காலாண்டு பாருங்கள்.

1 சதவீதம் பிடித்தால் போகட்டும் என்று ரிட்டர்ன் போடாமல் விடுபவர்களும் உண்டு. பேங்க் வழியாக வருடம் 40 லட்சம் வரவு உள்ள ஒரு தனிநபர், உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் முறை) குறைந்தது 6 சதவீதம், அதாவது 2,40,000 ரூபாய் காட்டலாம். வேறு வருமானம் இல்லையென்றால் அதற்கு வரி வராது. பிடித்த 40,000 ரூபாயும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும்.

மெயின் கான்ட்ராக்டர்களிடம் எங்கள் கோரிக்கை இது. படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். பில் நாள் வரை காத்திராமல் ஒர்க் ஆர்டரோடு சேர்த்துக் கொடுங்கள். முதல் பில் பாஸ் ஆகும் முன் பான் செயலில் உள்ளதா என்று இணையதளத்தில் பார்த்து, எத்தனை சதவீதம் பிடிக்கப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். 20 சதவீதம் என்றால், சரிசெய்துகொள்ள சப் கான்ட்ராக்டருக்கு ஒரு மாதமாவது அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதும் தொழிலில் உள்ளவர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.