ஏலமும் ஊதியமும்: எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022 ஜூன் 14 அன்று இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை, மூன்று நாள் ஏலத்தின் முடிவில், 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று என்றது இந்திய கிரிக்கெட் வாரியம். இளைஞர்களை நான்கே ஆண்டுகளுக்கு முப்படைகளில் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை அதே நாளில் மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய நாள்தான் வாரியம் தன் முன்னாள் வீரர்களின் மாத ஓய்வூதியத்தை உயர்த்தியிருந்தது. 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது 30,000 ஆயிற்று. அக்னிபத்தில் சேரும் அக்னிவீரருக்கோ ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை என்றாயிற்று.

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவரின் மகன். வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்த கம்மவான்பேட்டை எங்கள் பக்கத்து ஊர்தான். ‘எல்லையில் நிற்பவனுக்கு ஆயிரத்தில், பந்தடிப்பவனுக்குக் கோடியிலா’ என்ற பேச்சைத் தேநீர்க் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்டே வளர்ந்தவன் என்பதால், அந்தப் பேச்சின் நியாயத்தையும் அதிலுள்ள பிழையையும் சேர்த்தே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். லீக் ஆட்டங்கள் 14 என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 93 லட்சம். அக்னிவீரருக்கு முதலாண்டில் மாதம் 30,000, அடுத்தடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000. நான்காண்டுக்கும் கூட்டினால் 16 லட்சத்து 74 ஆயிரம். இதில் 30 விழுக்காடு, பணி முடியும்போது மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால் முதலாண்டில் கையில் கிடைப்பது 21,000 மட்டுமே. பிடித்த தொகைக்கு ஈடாக அரசு போடும் பங்கான சுமார் 5 லட்சத்தையும் சேர்த்துக்கொண்டாலும், ஒன்பது பேரின் நான்காண்டு உழைப்பும் பந்தின் ஓர் ஆட்டமும் ஏறக்குறைய ஒரே விலை.

ஆயினும் இந்தக் கணக்கைக் காட்டி விளையாட்டு வீரர்களின் வருமானத்தைக் குறைக்கச் சொல்வது பிழை என்றே கருதுகிறேன். அந்த 27 கோடி, பார்வையாளரின் கண்ணை விளம்பரதாரருக்கு விற்றுக் கிடைப்பது. அதில் ஒரு ரூபாயைக் குறைத்தாலும் மிச்சம் அணி முதலாளிக்குப் போகுமே தவிர சிப்பாய்க்கு வந்து சேராது. எல்லா ஆட்டக்காரர்களும் பந்த் அல்லர் என்பதும் உண்மை. வேறு விளையாட்டுகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம்: நாட்டுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றுத் தந்த தியான் சந்த், அவரே ஒரு பட்டாளத்துக்காரர், கடைசிக் காலத்தை வறுமையில்தான் கழித்தார்.

நான் காணும் வேறுபாடு தொகையில் இல்லை; அந்தத் தொகை எப்படி முடிவாகிறது என்பதில் இருக்கிறது. ஆட்டக்காரருக்கு முகவர் உண்டு. பத்து அணிகள் போட்டிபோட்டுக் கையுயர்த்தும் ஏலம் உண்டு. அடிப்படை விலையை அவரே குறிக்கலாம், பிடிக்காவிட்டால் ஏலத்துக்குப் பெயர் கொடுக்காமலும் இருக்கலாம். சிப்பாய்க்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி அவர் சங்கம் வைக்கவோ கூடிப் போராடவோ முடியாது. ரயில்வே ஊழியருக்கும் அஞ்சல் ஊழியருக்கும் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. படையினருக்கு இருப்பது உங்கள் குழு மட்டுமே. அந்தக் குழுவிலும், ஏழாவதில் போலவே, சீருடை அணிந்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. கட்டுப்பாடு வேண்டியதுதான், அதை நான் குறை கூறவில்லை. வாயைக் கட்டியவர்கள் வயிற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

பாராட்டுக்கு மட்டும் நாம் குறை வைப்பதில்லை. 2019இல் ஐ.பி.எல். தொடக்க விழாக் கொண்டாட்டத்தைக் கைவிட்டு, சேப்பாக்கத்தில் முதல் ஆட்டத்தின்போது 20 கோடி ரூபாயைப் படையினர் நலனுக்கென வாரியம் வழங்கியது. இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, 2025 மே 8 இரவு தர்மசாலாவில் ஆட்டம் பாதியில் நின்று, ஆட்டக்காரர்கள் சிறப்பு ரயிலில் டெல்லிக்கு அழைத்து வரப்பட்டனர். ஜூன் 3 அன்று அகமதாபாதில் இறுதியாட்டம் நடந்தபோது நிறைவு விழாவே படைகளுக்கு அஞ்சலியாக அமைந்தது. நல்ல மனத்தோடு செய்தவைதாம். எனினும் கைதட்டலை ஊதியப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என் தந்தை கேட்பார். எனக்கு விடை தெரிந்ததில்லை.

உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. படைப்பணி ஊதியம் என்பது படை வாழ்க்கையின் இன்னல்களுக்கென்று தரப்படுவது. ஏழாவது குழு அதை லெப்டினன்ட் முதல் பிரிகேடியர் வரை 15,500 ரூபாய் என்றும், சிப்பாய்க்கும் லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்ட இளநிலை அதிகாரிக்கும் 5,200 ரூபாய் என்றும் வகுத்தது. அக்னிவீரருக்கு அதுவும் இல்லை, அகவிலைப்படியும் இல்லை. சியாச்சின் படி 2017இல் உயர்த்தப்பட்டபோது அதிகாரிக்கு 42,500, சிப்பாய்க்கு 30,000 என்றானது. பொறுப்புக்கேற்ப அடிப்படைச் சம்பளம் மாறுவது சரி. அந்தப் பனிமலையில் மூச்சுத் திணறலும் விரல் கருகும் குளிரும் தோள்பட்டையைப் பார்த்தா வருகின்றன? இன்னலுக்கென்று தரும் பணமாவது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது ஓய்வுக்குப் பிந்திய காலம். விளையாட்டு வீரரைப் போலவே சிப்பாயும் முப்பதுகளின் பிற்பாதியில் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்; அக்னிவீரரோ இருபதுகளின் தொடக்கத்திலேயே வருகிறார். நால்வரில் ஒருவருக்கு மட்டுமே நிரந்தரப் பணி. மற்ற மூவரும் சேவா நிதியாக வட்டியோடு வரும் ஏறத்தாழ 11.71 லட்சத்தோடு வேறு வேலை தேட வேண்டும். அவர்கள் ஊதியம் வழக்கமான ஊதியப் பட்டியலில் சேராத தனித்தொகுப்பு என்பதால் அது உங்கள் வரம்பில் வராது என்று அமைச்சகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். பாதுகாப்புப் படையினரின் ஊதியத்தை ஆராய்வது உங்கள் பணி. அக்னிவீரர் பாதுகாப்புப் படையினர் அல்லர் என்று எவரும் எழுத்தில் தரமாட்டார்கள் என நம்புகிறேன். அவர்களுக்குப் படைப்பணி ஊதியத்தையும், பணிக்காலத்துக்கேற்ற ஓய்வூதியத்தையும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

உங்களுக்குத் தரப்பட்ட அவகாசம் பதினெட்டு மாதங்கள். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அக்னிவீரர்களின் நான்காண்டுகள் அதற்குள் முடிந்துவிடும். இடைக்கால அறிக்கை தரும் உரிமை குழுவுக்கு உண்டு. முதல் தொகுதி பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறும் முன், அவர்கள் பொருட்டு அந்த உரிமையைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்து முன்னாள் படைவீரர் ஒருவரின் மகன்