58 வயதில் சரளி வரிசை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! ரொம்ப சந்தோஷம். ஆனால், 'படம் வரைவதை விட்டுவிட்டேன், ஆறு வரைந்தால் ரோடு மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனசில் நின்றுவிட்டது.

நான் வீணை வாங்கியதை உன்னிடம் சொல்லவேயில்லை. தஞ்சாவூர் வீணை. பலாமரம், யாளி முகம், விரல் வைத்து அழுத்த 24 மெட்டு, அதாவது குறுக்குக் கட்டைகள். எட்டு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன், இன்னும் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடங்கள்தான். என்னோடு சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி அதற்கு அடுத்த கட்டமான மலஹரி ராகத்துச் சின்னப் பாட்டுகள், கீதமெல்லாம் முடித்துவிட்டாள். எனக்கு மூன்றாம் காலம், அதாவது வேகமாக வாசிப்பது, இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் காலையில் காபி குடித்த கையோடு பாயை விரித்து, விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேறு எதுவும் நினைவில் இருப்பதில்லை. பாடம் பழகும் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸட்ஜத்துக்கு (ச) அடுத்த மெட்டிலேயே ரிஷபம் (ரி). காந்தாரத்துக்கு (க) அங்கிருந்து மூன்றாவது மெட்டுக்குப் போக வேண்டும். விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தால் தந்தி கரகரக்கும். பத்துத் தடவையில் ஒரு தடவை சரியாக விழும். அப்போது மடியில் இருக்கும் வீணையின் சுரைக்குடுக்கை அதிர்கிறது பார், அந்த அதிர்வு உடம்புக்குள் இறங்கும். வேறு யார் வாசித்துக் கேட்டாலும் அது கிடைக்காது.

'இந்த வயதில் கச்சேரியா பண்ணப் போகிறீர்கள்?' என்று ஒரு உறவினர் கேட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டில் சமைக்கிறவர்கள் எல்லோருமா ஓட்டல் வைக்கிறோம்? முப்பது வருஷம் ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் யாராவது ஒருவர் மதிப்பெண் போட்டார்கள். இந்த அரை மணி நேரத்துக்கு யாரும் போட வேண்டாம், நான் உட்பட.

போன மே மாத வெயிலில், மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு இளகி அவை நகர்ந்துவிட்டன. மறுபடி மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதித்து, வரும்வரை பத்து நாள் வீணை வீட்டில் இல்லை. காலையில் கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. உனக்கும் அந்தப் பெயிண்ட் பெட்டியை மூடி வைத்த பிறகு அப்படி இருக்கிறதா? இருந்தால் திறந்துவிடு.

அப்புறம், அந்த ஆற்றுப் படத்தைக் கிழித்துவிடாதே. மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு. வீணை இருக்கும் மூலையில் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி